கசக்காத கஷாயம்

வெண்ணாவல் சீமைக்குப் பெரிய ஏரிதான் உயிர். ஏரித் தலைவன் மதகைத் திறந்தால் சோறு, மூடினால் பட்டினி. போன தடவை தலைவனாக இருந்த புண்ணியவான் வேண்டியவர்களுக்கு மட்டும் மதகைத் திறந்துவிட்டான். கடைமடை ஊர்களில் பயிரெல்லாம் கருகிப்போயிற்று. ஜனங்கள் அவனை ஊர் எல்லை வரை ஓட ஓட விரட்டி வழியனுப்பினார்கள்.

காலி இடத்துக்கு ஐந்து பேர் போட்டி போட்டார்கள். நம்பிக்கையான ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தளவாய் அனந்தப்பர் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவரையும் சபைக்கு நடுவில் நிறுத்தி, "நீ திருடுவாயா?" என்று கேட்டார். ஐந்து பேரும் காதைப் பொத்திக்கொண்டு, "சிவ சிவா!" என்றார்கள்.

"ஐவருமே உத்தமர்கள், மகாராஜா. அதிலும் என் மைத்துனர் சொன்ன 'சிவ சிவா'வில்தான் பக்தி அதிகம்" என்றார் தளவாய்.

ராஜா மழவராயர் முகத்தைச் சுளித்தார். "போனவனும் இதையேதானே சொன்னான்? காளத்தி! நாக்கு சொல்வது போதும். நெஞ்சுக்குள் இருப்பதைப் பார்த்துச் சொல். நாளை உன்னால் முடியாவிட்டால் பதவி தளவாயின் மைத்துனருக்கு."

காளத்தி சபையில் வாய்ச்சாலகன் என்று பேர் வாங்கியவன்தான். ஆனால் இது அவனுக்கு விளையாட்டல்ல; அவன் பிறந்த ஊர் கடைமடை. மைத்துனர் கைக்கு மதகு போனால், இந்த வருஷமும் அங்கே அடுப்பில் பூனைதான் தூங்கும்.

மறுநாள் காளத்தி பெரிய அண்டா ஒன்றைச் சபைக்குத் தூக்கிவரச் செய்தான். அதிலிருந்து ஆவி பறந்தது.

"மகாராஜா, இது நெஞ்சறி கஷாயம். நம்பத் தகுந்தவன் நாக்கில் இனிக்கும். நம்பத் தகாதவன் நாக்கில் கசக்கும். சபை மரியாதைப்படி முதல் குவளை தங்களுக்கு."

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ராஜா முதலில் ருசி பார்ப்பார். அவர் உப்பு என்றால் எல்லாருக்கும் உப்பு, புளிப்பு என்றால் எல்லாருக்கும் புளிப்பு.

மழவராயர் ஒரு வாய் குடித்தார். கண்கள் கொஞ்சம் கலங்கின. சபை முழுதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தேன்" என்றார்.

அடுத்துத் தளவாய் குடித்தார். அவர் மீசை ஒரு தரம் துடித்தது. "பாகு!" என்றார்.

பிறகு போட்டியாளர்கள் முறை. முதல் ஆள், "கற்கண்டு." இரண்டாவது ஆள், "பலாச்சுளை." மூன்றாவது ஆளுக்குப் பேச்சு வரவில்லை, பலமாகத் தலையாட்டினான். நான்காவதாக வந்த மைத்துனர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குவளையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

கிடைத்தது. அதையும் குடித்துவிட்டு இன்னொரு குவளை கேட்டார்.

கடைசியாக வந்தவர் கருமாணிக்கம். ஊரில் யாரோடும் ஒத்துப்போகாத மனிதர். ஒரு வாய் வைத்தவர் அப்படியே தூ என்று துப்பினார். பாதி தளவாயின் செருப்பில் விழுந்தது.

"என்னய்யா இது? நிலவேம்பு! காய்ச்சல் வந்தா எங்காத்தா மூக்கப் பிடிச்சு ஊத்துவா. இதப் போயி தேனுங்கிறீங்க?"

தளவாய் துள்ளி எழுந்தார். "கசக்கிறதாம்! தன் வாயாலேயே மாட்டிக்கொண்டான். வெளியே தள்ளுங்கள்!"

"பதவி போனாப் போகுது. கசக்குறது கசக்கத்தான் செய்யும்" என்று கருமாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"நில்லுங்க ஐயா" என்றான் காளத்தி. "மகாராஜா, அண்டாவில் இருப்பது நிலவேம்பேதான். விடிகாலையில் அரண்மனை வைத்தியர் காய்ச்சிக் கொடுத்தார். இது யார் நாக்கிலும் இனிக்காது. ராஜாவே தேன் என்று சொன்ன பிறகும், பதவி போகும் என்று தெரிந்தும், கசக்கிறது என்றவர் இவர் ஒருவர்தான். மதகுச் சாவியை இவரிடம் கொடுங்கள். கடைமடைக்கும் தண்ணீர் வந்து சேரும்."

மழவராயர் சாவியைக் கருமாணிக்கத்திடம் கொடுத்தார். காளத்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் ராஜா அவனை விடவில்லை.

"காளத்தி, இங்கே வா. நானும்தானே தேன் என்றேன்?"

காளத்தி கைகட்டி நின்றான்.

"அதனால்தான் மகாராஜா, ராஜா பதவிக்கு மட்டும் நம் முன்னோர்கள் பரீட்சை வைக்கவில்லை. அப்பா ராஜாவாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்."

மழவராயர் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். தம் கைக்காப்பைக் கழற்றிக் காளத்தி கையில் போட்டார்.

"யாரங்கே! ஒரு தட்டு வெல்லம் கொண்டுவாருங்கள். அப்போதிருந்து தொண்டையெல்லாம் கசக்கிறது!"

"எனக்கும்" என்றார் தளவாய், மெல்லிய குரலில்.

தட்டு வரிசையாக எல்லாரிடமும் போயிற்று. ஆளுக்கொரு கட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் மைத்துனரிடம் வந்தது. அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"எனக்கு வேண்டாம்" என்றார். "இன்னும் தித்திக்கிறது."