கூண்டுக்குள் போகாத கொள்ளு

பூவரசங்கோட்டையை ஆண்ட வீரமாறனுக்கு மீசை என்றால் உயிர். காலையில் நெய் தடவி முறுக்க ஒரு ஆள், மாலையில் சாம்பிராணிப் புகை காட்ட ஒரு ஆள். அப்பேர்ப்பட்ட மீசையைக் கொண்டுபோய் மனிதர் ஒரு கோழிப் பந்தயத்தில் வைத்துவிட்டார்.

விருந்துக்கு வந்த வடகரை அரசர் சும்மா இருக்காமல், "எங்கள் ஊர்க் கோழியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்" என்று பீற்றிக்கொண்டார். வீரமாறனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்று பொரித்த குஞ்சில் ஆளுக்குப் பத்து எடுத்துக்கொள்வோம். நான்கு மாதம் கழித்துத் தராசில் ஏற்றுவோம். யாருடைய கோழிகள் எடை குறைவோ, அவர் மீசையை மழிக்க வேண்டும்!"

குஞ்சுகளை வளர்க்கும் வேலை அரசவை விகடன் செங்கோடன் தலையில் விழுந்தது. "சபையில் ஓயாமல் கொக்கரிப்பவன் நீதானே!" என்று அரசரே காரணமும் சொல்லிவிட்டார்.

தீவனத்துக்கு யோசனை சொன்னவர் அரண்மனை வைத்தியர் திருமேனிநாதர். "கம்பும் எள்ளுப் புண்ணாக்கும் போதும். புண்ணாக்கில் இருக்கிற சத்து வேறெதிலும் கிடையாது" என்றார்.

ஒரு மாதம் போனது. குஞ்சுகள் ஒரு பிடிக்குள் அடங்கின. செங்கோடன் வைத்தியரிடம் போய் நின்றான்.

"புண்ணாக்கை இரட்டிப்பாக்கு!" என்றார் வைத்தியர். இரட்டிப்பாக்கினான். குஞ்சுகள் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கழிந்தன. இறகு சிலிர்த்துக்கொண்டு, காய்ச்சல் கண்டவர் கம்பளி போர்த்திய மாதிரி உட்கார்ந்திருந்தன. இரண்டாவது மாதம் முடிந்தும் எடை மட்டும் ஏறவே இல்லை.

ஒரே ஒரு குஞ்சு மட்டும் தளதளவென்று இருந்தது. அது தினமும் மூங்கில் இடுக்கு வழியாக நழுவி எங்கோ போய் வருவதைச் செங்கோடன் கவனித்தான். பின்னாலேயே போனான். அது நேரே குதிரை லாயத்துக்குப் போய், குதிரைகள் சிந்திய அவித்த கொள்ளைப் பொறுக்கியது. வயிறு நிறைந்ததும் ராஜநடையாகத் திரும்பியது.

செங்கோடன் சபைக்கு ஓடினான். "அரசே, எள்ளில் ஒரு சத்து குறைகிறது. அந்தச் சத்து கொள்ளில் இருக்கிறது. புண்ணாக்கைப் பாதியாக்கிக் கொஞ்சம் கொள்ளு சேர்த்தால் போதும்."

வைத்தியர் சிரித்தார். "கொள்ளு குதிரைத் தீனி! தின்றால் கோழி கனைக்கும்."

சபையே சிரித்தது. வடகரை அரசர் காதுக்குக் கோழி கனைத்த செய்தி போனால் என்னாவது என்று வீரமாறனுக்குப் பயம் வந்துவிட்டது. "கம்பும் புண்ணாக்கும் போதும். கூண்டுக்குள் ஒரு கொள்ளுகூடப் போகக் கூடாது! போனால் உன் தலை போகும்!" என்று ஆணையிட்டார்.

செங்கோடன் விடவில்லை. மறுநாள் மதியம் அரசரைத் தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்தான். இலையில் குன்று போலச் சோறு. உச்சியில் ஒரு சொட்டுக் குழம்பு.

"குழம்பு எங்கே?" என்றார் அரசர்.

"போதவில்லையா? இதோ!" என்று இன்னும் இரண்டு அகப்பை சோற்றைக் கொட்டினான் செங்கோடன்.

"அடேய், நான் கேட்டது குழம்பு!"

"புரிந்தது அரசே!" மறுபடியும் சோறு. இப்போது அரசர் முகமே சோற்றுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

"முட்டாளே!" என்று சோற்று மலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சோறு ஏற ஏறக் குழம்பும் ஏற வேண்டாமா? முன்பாவது பிசைந்து தின்றிருப்பேன். இப்போது அதுவும் போயிற்று!"

"குஞ்சுகளும் இரண்டு மாதமாக இதைத்தான் கத்துகின்றன, அரசே. புண்ணாக்கு ஏற ஏற, இல்லாத அந்தச் சத்தும் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது."

அரசர் சோற்று மலையைக் கையால் ஒதுக்கிச் செங்கோடனை எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "புரிகிறது. ஆனால் சபையில் சொன்னது சொன்னதுதான், செங்கோடா. ஆணையை மாற்றினால் ஊர் சிரிக்கும்."

செங்கோடன் வீட்டு வாசலில் நின்று தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். ஆணையை வார்த்தை வார்த்தையாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவை சொன்னபோது குதித்தே விட்டான்.

மிச்ச இரண்டு மாதத்தில் கோழிகளின் எடை விறுவிறுவென்று ஏறியது.

பந்தய நாளில் வடகரை அரசர் பத்துக் கோழிகளைத் தராசில் வைத்தார். எதிர்த்தட்டில் செங்கோடனின் பத்து ஏறியதும் வடகரைக் கோழிகள் தட்டோடு மேலே போய்விட்டன. நாவிதர் ஏற்கெனவே கத்தியோடு தயாராக நின்றார். வடகரை அரசர் ஊர் திரும்பும்போது அவருடைய குதிரைக்கே அவரை அடையாளம் தெரியவில்லை.

கொண்டாட்டத்தின் நடுவே திருமேனிநாதர் ஒரு கை நிறையக் கொள்ளுத் தோலோடு ஓடி வந்தார். "அரசே! கூண்டை ஒட்டிக் கிடந்தது! உங்கள் ஆணையை மீறிவிட்டான்!"

அரசரின் முகம் மாறியது. "செங்கோடா, கொள்ளு கொடுத்தாயா?"

"கொடுத்தேன் அரசே. ஆனால் கூண்டுக்குள் ஒன்றுகூடப் போகவில்லை. தொட்டியை வெளியே வைத்தேன். கோழிகள் இடுக்கு வழியாகக் கழுத்தை நீட்டி வெளியே தின்றன."

வைத்தியர் துள்ளினார். "தின்றபின் கழுத்தை உள்ளே இழுத்ததா இல்லையா? வயிறு கூண்டுக்குள்தானே இருந்தது? அப்படியானால் கொள்ளும் உள்ளே போயிற்று!"

எல்லோரும் செங்கோடனைப் பார்த்தார்கள். அவன் கும்பிட்டான்.

"கோழி விழுங்கியது வெளியே, அரசே. உள்ளே போனபோது அது கொள்ளே இல்லை. கோழி!"

அரசர் சிரித்த சிரிப்பில் சிம்மாசனத்தின் கால் ஒன்று கிறீச்சிட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடனுக்குப் போட்டார். சபையும் கைதட்டி ஓய்ந்தது. வைத்தியர் மட்டும் ஒரு கோழியைப் பிடித்து, அதன் வாயைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.