நிற்கக்கூடாத நடைமேடை

கோணக்கரைக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. செலவழித்தால் தீர்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்த் தணிகாசலத்துக்கு ஒரு பெரிய கவலை. பட்டணத்தில் வேலை பார்த்த அவன் பெண்சாதி சுலோச்சனா தினமும் மூன்று பஸ் மாறி இடுப்பொடிந்துபோய், "நம்ம ஊருக்கு ரயிலு வந்தாதான் இனிமே வூட்டுக்கு வருவேன்" என்று பட்டணத்து அக்காள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவள் இல்லாமல் இவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே, பட்டணத்து ரயில் கோணக்கரை வரை வந்து திரும்பப் போகிறது, ஸ்டேஷனை ஊராரே கட்டலாம் என்று தெரிந்ததும் முதல் ஆளாய் மண்வெட்டியைத் தூக்கினான்.

வந்து பார்த்த ரயில்வே எஞ்சினியர் சொன்னது மூன்றே விஷயம்.

"நடைமேடை கட்டுங்க. மஞ்சப் பலகை வச்சு ஊர் பேர் எழுதுங்க. முதல் நாளே ஜனங்க ஏறி இறங்கணும். இல்லேன்னா ரயில் இந்தப் பக்கமே வராது."

மேடை எழும்பியதும் தலைவர் கோவர்த்தனம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "நடைமேடைன்னாரே... மேடை நடக்கணுமா, நாம நடக்கணுமா?"

"சக்கரம் வச்சா மேடையே நடக்குமே," என்றார் மேஸ்திரி எத்திராஜ்.

"மேடையே நடந்து பட்டணம் போயிட்டா, அப்புறம் ரயில் எதுக்குய்யா?"

நியாயமான கேள்வி. எல்லோரும் தாடையைச் சொறிந்தார்கள்.

"அப்போ நாமதான் நடக்கணும். எவனாவது நின்னான்னா அது நிலைமேடை ஆயிடும்," என்று தணிகாசலம் தீர்ப்புச் சொன்னான். அப்போதே பெஞ்சுகளைப் பிடுங்கி ஏரியில் போட்டார்கள்.

பலகையில் தகராறே இல்லை. சொன்னது சொன்னபடி, கொட்டை எழுத்தில் 'ஊர் பேர்' என்று எழுதினார்கள்.

முதல் ரயில் வந்தது. ஊரே மேடையில் வட்டமாக நடந்துகொண்டிருந்தது. தணிகாசலம் கையில் மல்லிகைப்பூப் பொட்டலம். இதே ரயிலில் போய் சுலோச்சனாவை அழைத்துவருவதாகத் திட்டம்.

பட்டணத்துக்காரர்கள் பலகையைப் படித்துவிட்டு, எந்த ஊரென்று புரியாமல் உட்கார்ந்தே இருந்தார்கள். ஒருத்தி மட்டும், "ஐயோ, எங்க ஊரேதான்!" என்று பையோடு குதித்தாள். சுலோச்சனாதான்!

"யோவ், கொஞ்சம் நின்னு பேசுய்யா!"

"நடைமேடை! நிக்கப்படாது, நட!" என்று பூவை ஆட்டிக்கொண்டே அவன் போனான்.

அதற்குள் தலைவர் கத்தினார். "ஏறி இறங்குங்கய்யா! ரெண்டும் செய்யணும்!"

ஊரே முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்கி, சுற்றி வந்து மறுபடி ஏறியது. கூட்டம் சுலோச்சனாவையும் அள்ளிக்கொண்டது. அவளைத் தேடி இவன் ஏறினால் அவள் இறங்கியிருந்தாள். இவன் இறங்கினால் அவள் ஏறியிருந்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

விசில் ஊதி ரயில் புறப்பட்டுவிட்டது. உள்ளே தணிகாசலம். மேடையில் சுலோச்சனா.

அவன் ஜன்னலில் தலையை நீட்டி, சந்தோஷம் தாங்காமல் கத்தினான். "சுலோ! நீ வூட்டுக்குப் போய் சோறாக்கி வை! நான் பட்டணம் போய் உன்னைக் கையோட கூட்டியாந்துடறேன்!"

சுலோச்சனாவும் கோணக்கரையில் பிறந்தவள்தானே. ரெண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு, தான் எப்போது வந்து சேருவோமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.