மயில் வாங்கிய உறுதிமொழி

காட்டின் நடுவே இருந்த அல்லிக்குளத்தின் கரையில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு இன்னும் பத்தே நாள். அதற்குள் ஓட்டையை அடைக்காவிட்டால் கரை உடைந்து குளம் காலியாகிவிடும்.

மயில் தலைமை ஏற்றது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, தானாகவே ஏற்றது. காட்டுப்பன்றி, வயல் எலி, கொக்கு, ஆமை ஆகிய நால்வரையும் வேலைக்கு அழைத்தது.

"எனக்கு ஈடுபாடுதான் முக்கியம்!" என்றது மயில். "அரைமனசா வேலை செய்யறவங்க வேண்டவே வேண்டாம்! அதனால தினமும் மூணு வேளை எல்லாரும் உறுதிமொழி சொல்லணும்!"

உறுதிமொழியை மயிலே இயற்றியிருந்தது. 'கரையே என் மூச்சு, குளமே என் உயிர்' என்று தொடங்கி அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும். நடுவில் மயிலின் தோகையைப் பற்றியும் நான்கு வரி இருந்தது. ஏன் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இதில் ஒரு சிக்கல். பாவம், அந்த நால்வரும் வாயால்தான் சுமை தூக்க வேண்டும். பன்றி களிமண் கட்டியைக் கவ்விக்கொண்டு பாதி வழி வந்திருக்கும். கொக்கு அலகு நிறைய நாணலோடு பறந்து வரும். சரியாக அந்த நேரத்தில் மயில், "உறுதிமொழி!" என்று அகவும். வாயைத் திறக்காமல் எப்படிச் சொல்வது? திறந்தால் களிமண் குளத்தில் விழும். நாணல் காற்றில் போகும்.

"ஆகா! என்ன குரல்! என்ன ஈடுபாடு!" என்று மயில் பூரித்துப்போகும்.

எட்டு நாளாகியும் ஓட்டை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பன்றி தாமதமாக வந்தது. எலிக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. கொக்கு நின்றபடியே தூங்கிற்று. ஆனால் உறுதிமொழி என்றால் மட்டும் மூவரும் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

ஆமை மட்டும் வாயைத் திறக்காது. கவ்விய களிமண்ணோடு ஓட்டைவரை ஊர்ந்து போகும், அப்பும், திரும்பும்.

மயிலுக்குக் கோபம் வந்தது. "ஆமையம்மா! உங்க குரலே கேக்கலையே! ஈடுபாடு இல்லாதவங்களுக்கு இங்க இடமில்லை. நாளையிலருந்து வராதீங்க!"

ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்கய்யா" என்றது. மயில் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையே, எதிர்பார்த்ததற்கு ஒரு நாள் முன்னதாக, மழை வந்துவிட்டது. தண்ணீர் ஓட்டை வழியாகப் பீறிட்டது.

"உறுதிமொழி! சத்தமா!" என்று மயில் அலறியது. மூவரும் மரத்தடியில் ஒதுங்கி நின்று சத்தமாகச் சொன்னார்கள். தண்ணீர் அதையெல்லாம் கேட்கிற ரகமில்லை.

அப்போது வராதே என்று சொல்லப்பட்ட ஆமை வந்தது. நேராகப் போய்த் தன் உடம்பை ஓட்டைக்குள் திணித்துக்கொண்டது.

"அக்கா! அடிச்சிட்டுப் போயிடும்! வெளிய வாங்க!" என்று எலி கத்தியது.

"மாட்டேன்! கரைக்குக் கீழ மணல்ல என் முட்டைங்க இருக்கு!"

"ஐயோ! சொல்லவே இல்லையே!"

"யாரு கேட்டீங்க? உறுதிமொழி சொல்லவே உங்களுக்கு நேரம் பத்தல!"

எலிக்குத் திக்கென்றது. "அக்கா, என் வளையும் அந்த மணலுக்குப் பக்கத்துலதான் இருக்கு! தண்ணி அதுவரைக்கும் வருமா?"

"முதல்ல அங்கதான் வரும்!"

எலி மரத்தடியிலிருந்து பாய்ந்தது. அதன் வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

"குளம் காலியானா மீனு?" என்றது கொக்கு.

"மீனும் காலி!"

கொக்குக்குத் தூக்கம் கலைந்தது.

"எனக்குன்னு இங்க எதுவும் இல்லையே" என்றது பன்றி.

"சித்திரை வெயில்ல எந்தச் சேத்துல புரளுவே தம்பி?"

பன்றி மரத்தடியை விட்டுக் கிளம்பியது. ஒரே ஓட்டமாகக் களிமண்ணுக்குப் போனது.

மயில் தனியாக நின்றது. 'தண்ணீர் இல்லாவிட்டால் என் தோகையை எதில் பார்த்துக்கொள்வேன்?' என்று அதற்கும் உறைத்தது. தயங்கித் தயங்கி ஒரு நாணலைக் கவ்வியது. அன்று அல்லிக்குளத்தில் யார் வாயிலிருந்தும் சத்தமே வரவில்லை.

மாலைக்குள் ஓட்டை குளத்துப் பக்கமிருந்து அடைபட்டது. ஓட்டில் கீறலோடு ஆமை மறுபக்கமாக வெளியே வந்து, மணல்வரை ஊர்ந்துபோய்ப் பார்த்தது. மழையில் நனைந்திருந்ததே தவிர, குளத்து வெள்ளம் மணலைத் தொடவே இல்லை. அதன் மேலேயே படுத்து ஆமை அழுதது.

மயில் மெல்ல அருகே வந்தது. "ஆமையம்மா, முதல் நாளே நான் என்ன செஞ்சிருக்கணும்?"

"'இந்தக் கரை உனக்கு எதுக்கு'ன்னு ஒவ்வொருத்தரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாங்கய்யா."

செய்கிற வேலையில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று உணர்ந்தவரிடம் ஈடுபாடு தானே வரும். உறுதிமொழி வாங்கி அதை வரவழைக்க முடியாது.