மூன்று நாள் வேலை

"நான் கெளம்புதேன் சாமி."

குரு மோர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க?"

"தென்காசிக்கு. அக்கா வீட்டுக்கு."

சொன்னவர் கோமதிநாயகம். வயது ஐம்பத்திரண்டு. களக்காட்டு மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் பதினேழு வருஷமாகச் சமையல் அவர் பொறுப்பு. விடிவதற்கு முன் அடுப்பு மூட்டினால், கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்வரை அவருக்கு உட்கார நேரம் கிடையாது. உட்காராதே என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

"என்ன ஆச்சு?"

"நேத்து ஒரு அம்மா வந்திருக்காங்கல்லா, ரிட்டயர்டு டீச்சர். அரிசி களைஞ்சிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து, 'பதினேழு வருஷமா இருக்கீங்களாமே, சாமி உங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நாப்பது பேருக்கு எத்தனை படி அரிசி போடணும்னு சொன்னேன். அந்தம்மா நான் வேடிக்கை பண்ணுதேன்னு நெனச்சு சிரிச்சாங்க. அது ஒண்ணுதான் சாமி எனக்குத் தெரியும்."

தினமும் மாலை நாலு மணிக்குக் குரு பாடம் சொல்வார். மணி அடிப்பவர் கோமதிநாயகம்தான். அடித்துவிட்டு, எல்லோரும் கூடத்துக்குள் போகிறார்களா என்று பார்த்துவிட்டு, அடுக்களைக்கு ஓடிவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் பாடம் கேட்டதில்லை.

"நான் எதுக்கு இங்க வந்தேன்னு ஞாபகம் இருக்கா சாமி?"

"நீயே சொல்லு."

"தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தேன். யாரு லீவு போட்டாலும் அவங்க சீட்டையும் நான்தான் பாப்பேன். அப்பா இழுத்துக்கிட்டுக் கெடந்தப்பகூட ஜமாபந்திக் கணக்கு முடிக்கணும்னு ஆபீஸ்லயே கெடந்தேன். கொள்ளி வைக்கத்தான் போய்ச் சேந்தேன். போதும்டா, இனியாவது மனுஷனா இருப்போம்னு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு இங்க வந்தேன். இங்கயும் அதே கதைதான்."

"தென்காசியில என்ன செய்யப்போற?"

"அத்தான் ஒரு மெஸ் வச்சிருக்காரு. ஆள் கெடைக்காம ரொம்பக் கஷ்டப்படுதாரு, பாவம். நான் போனா..."

"எத்தனை பேரு சாப்பிடுதாங்க?"

"ஒரு எம்பது பேரு..."

கோமதிநாயகம் அப்படியே நிறுத்திவிட்டார். மடியிலிருந்த துணிப்பையை எதற்கோ அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

குரு கேட்டார்: "இங்க உனக்குச் சமையலைக் குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"பலவேசம் அண்ணன்தான் அப்ப சமையல். அவரு கால்ல கொதிகஞ்சி கொட்டிட்டுது. 'அவன் எந்திரிக்கிற வரைக்கும் ஒரு மூணு நாளு பாத்துக்கோ'ன்னு சொன்னீங்க."

"பலவேசம் எந்திரிச்சானா?"

"நாலாம் நாளே அடுக்களைக்கு வந்துட்டாரு."

"அப்ப நீ?"

"'புண்ணு இன்னும் ஆறலையே, நீங்க போயி உக்காருங்க, நான் பாத்துக்கிடுதேன்'னேன்."

"புண்ணு ஆறுன பிறகு?"

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார்.

"அவரு பருப்பைத் தீய விட்டுருவாரு சாமி."

குருவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"கரண்டி கையை விட்டுப் போன பிறகு பலவேசம் என்ன செஞ்சான்?"

"வேற வேலை இல்லைன்னு பாடத்துல போயி உக்காந்தாரு."

"இப்ப எங்க இருக்கான்?"

"அம்பாசமுத்திரத்துல." கோமதிநாயகத்தின் குரல் இறங்கிப்போனது. "பாடம் சொல்லுதாரு. முப்பது பேரு வாராங்களாம்."

கோமதிநாயகம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பிறகு கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது. இந்த ஆசிரமத்தில் அவருக்கு வந்த முதல் கோபம். எதிரில் இருப்பது குரு என்பதுகூட மறந்துபோயிற்று.

"சரி சாமி, நான் முட்டாள். முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அது என் தப்பு. நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? மணி அடிச்சிட்டு நான் ஓடுததைத் தெனமும் பாத்தீங்கல்லா? 'ஏ கோமதி, அடுப்பு கெடக்கட்டும், இங்க வந்து உக்காரு'ன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீங்க ஏன் கூப்பிடல?"

ஏதோ பெரிய பதில் வரும் என்று காத்திருந்தார். உனக்கு இன்னும் காலம் கனியவில்லை என்றோ, அடுக்களையே உனக்குப் பாடம்தான் என்றோ குரு சொல்லியிருந்தால், பையை வைத்துவிட்டு உலை வைக்கப் போயிருப்பார். அப்படிப்பட்ட ஆள்தான் அவர்.

குரு மோர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"கூப்பிடணும்னு எத்தனையோ தடவை நெனச்சேன் கோமதி."

"பின்ன?"

குரு தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ சமைச்சது ருசியா இருந்துச்சுப்பா."