ஓர் எழுத்துக்கு ஒரு கை

குருவும் சீடனும் வரும் கதைகளில் குரு இருப்பார், சீடன் இருப்பான், அவர்கள் உட்கார ஒரு மரமும் இருக்கும். குரு சொன்னதை எழுதிவைத்தவர் யார் என்று எந்தக் கதையும் சொல்வதில்லை. ஞானம் தானே நடந்துபோய்த் தாளில் ஏறிக்கொண்டதாக எல்லோருக்கும் ஒரு நினைப்பு. இந்தக் கதையில் எழுதியவள் பெயர் மரகதம்.

காவிரிக் கரையில் ஒரு மடம். அதன் பின்கட்டில் பதினான்கு ஆண்டுகளாக ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி உருவாகிக்கொண்டிருந்தது. பதினான்கு ஆண்டுகளில் இரண்டே எழுத்துகள். ‘ஏ’ முடிந்திருந்தது, ‘பி’ முடியப்போகிறது என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குரு அருளம்பலனாருக்கு வயது எழுபத்திரண்டு. சீடர் தணிகாசலத்துக்கு ஐம்பது. சீடர் என்றதும் மீசை அரும்பாத பையனை நினைத்துக்கொண்டவர்கள் இந்த இடத்திலேயே திருத்திக்கொள்வது நல்லது.

தணிகாசலம் சொற்களைச் சீட்டுகளில் திரட்டுவார். அருளம்பலனார் ஆம் என்பார், அல்லது வேண்டாம் என்பார். மரகதம் அச்சுக்குப் போகும் படியை எழுதுவாள். ஆசிரியப் பயிற்சியை முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தபோது, ஒரு வருடம் எழுதிக்கொடு என்று குரு கேட்டார். வந்தாள். அது ஏழு வருடம் ஆயிற்று.

அங்கே ஒரு விதி உண்டு. ஓர் எழுத்துக்கு ஒரு கை. நடுவில் கையெழுத்து மாறினால் அச்சுக்கோப்பவர் தடுமாறுவார் என்பதால், ஓர் எழுத்தை எடுத்தவர் அதை முடிக்காமல் எழுந்துபோகக் கூடாது. மரகதம் எடுத்தது ‘பி’. இதற்கிடையில் அவளுக்கு இரண்டு வேலை உத்தரவுகள் வந்து, நாள் கடந்து, வீணாயின. மூன்றாவது உத்தரவு ஆனி மாதம் வந்தது. கமுதிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. ஆவணி முதல் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். வயது வரம்பு முப்பது, அவளுக்கு இருபத்தொன்பது. நான்காவது உத்தரவு வராது. கடிதத்தை அன்றைக்கே குருவிடம் காட்டினாள். முடித்துவிட்டுப் போ, அம்மா, என்றார் அவர்.

முடிக்க வேண்டியது ஒரே ஒரு சொல். ‘பி’யில் மற்ற எல்லாம் எழுதியாகிவிட்டது. ‘பிகின்’ என்பதை மட்டும் தணிகாசலம், பெரிய சொல், நிதானமாகப் பார்ப்போம் என்று கடைசிக்கு ஒதுக்கியிருந்தார். அந்த எழுத்தில் எல்லாம் முடிந்து, தொடங்குவது ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சொல்லுக்குத் தொடங்கு, ஆரம்பி என்று இரண்டு பொருள் எழுதிவிட்டு நகர்வதற்குத் தணிகாசலத்துக்கு மனம் வரவில்லை. போர் மூளும் என்றார். மழை பிடிக்கும், திருவிழாவுக்குக் கொடியேறும், காய்ச்சல் காணும், கட்டடத்துக்குக் கால்கோள் என்றார். எல்லாம் தொடக்கம்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது என்று வாதாடினார். வாதம் தவறில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது இரண்டு மூன்று சொற்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் மரகதம் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள்.

ஒருமுறை அவளும் ஒன்று சொன்னாள். வீட்டில் பொழுது தொடங்குவது அடுப்பு மூட்டும்போது. அதையும் சேர்க்கலாம் என்றாள்.

“சமையற்கட்டுச் சொல்லுக்கெல்லாம் அகராதியில் இடமில்லை, அம்மா” என்றார் தணிகாசலம்.

“நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்துதானே அகராதி எழுதுகிறீர்கள்?”

அது சீட்டில் ஏறவில்லை.

கெடு முடியுமுன் வந்த சனிக்கிழமை, மரகதத்தின் தகரப்பெட்டி வாசலருகே இருந்தது. பேருந்து நான்கு மணிக்கு. பகல் இரண்டேகாலுக்குத் தணிகாசலம் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார்.

“மூன்று புதியவை கிடைத்தன, ஐயா. பக்கத்தை இன்னொருமுறை எழுதிவிட்டால் தீர்ந்தது.”

மரகதம் பேனாவை மூடினாள். “இது பன்னிரண்டாம் முறை.”

“பதின்மூன்றாகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. தணிகாசலம் குருவின் பக்கம் திரும்பினார்.

“இருபத்தாறு சொற்கள் சேர்ந்துவிட்டன. இவற்றுள் தொடக்கத்தை உள்ளபடி சொல்வது எது, ஐயா? அதை முதலில் வைக்கலாம்.”

அருளம்பலனார் சீட்டுகளைப் பார்க்கவில்லை. மரகதத்திடம் கையை நீட்டினார். அவள் பேனாவைக் கொடுத்தாள். அதை வாங்கித் தணிகாசலத்தின் கையில் வைத்தார்.

“நீ எழுது.”

“நானா?”

“கொண்டுவந்தவன் நீதானே?”

“ஓர் எழுத்துக்கு ஒரு கை என்பது தங்கள் விதி, ஐயா.”

“என் விதிதான். உட்கார்.”

தணிகாசலம் உட்கார்ந்தார். பதினான்கு ஆண்டுகளில் அவர் ஒரு பக்கம் படியெடுத்ததில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் ஒரு வரி, வழங்கும் இடம் ஒரு வரி, எடுத்துக்காட்டு இரண்டு வரி. மூன்றாம் சொல்லில் மை சொட்டியது. ஐந்தாம் சொல்லில் மணிக்கட்டை உதறினார். ஆறாம் சொல்லில், இது இருக்கும்போது அது எதற்கு என்று தமக்குள் முணுமுணுத்தார். பிறகு முணுமுணுப்பும் இல்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துவைக்கத் தொடங்கினார். முகிழ்த்தல் போயிற்று. தலைப்படுதல் போயிற்று. மூன்று நாள் வாதாடிச் சேர்த்த கால்கோள் ஒரு வார்த்தை பேசாமல் போயிற்று. மூன்றேகாலுக்குப் பக்கம் முடிந்தது. ஏழு சொற்கள் நின்றன. ‘பி’ முடிந்தது.

மரகதம் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாதம் அவள் சுமந்தது ஒரு மணி நேரத்தில் ஆகிவிட்டது. கோபம் வர வேண்டிய இடம்தான். கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும்.

“எது வேண்டும், எது வேண்டாம் என்பதற்குக் கைவலிதான் இலக்கணம் போலிருக்கிறது” என்றார் தணிகாசலம், விரல்களை நீவிக்கொண்டே. அவருக்கும் முகம் வாடியிருந்தது.

மரகதம் பெட்டியைத் தூக்கவில்லை. குருவின் எதிரே வந்து நின்றாள்.

“நான் ஒன்று கேட்கலாமா, ஐயா?”

“கேள், அம்மா.”

“கடிதத்தை ஆனி மாதமே காட்டினேன். இன்றைக்குச் செய்ததை அன்றைக்கே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை?”

அருளம்பலனார் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் அதை அணிந்துகொள்ளவில்லை.

“‘பி’ முடிந்து நீ போய்விட்டால் ‘சி’யைத் தொடங்க வேண்டும், அம்மா. எனக்குத் தெம்பில்லை. அவன் தேடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.”

தணிகாசலம் தலைகுனிந்து, கவிழ்த்துவைத்த சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரகதம் நான்கு மணிப் பேருந்தில் போனாள். திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டாள். இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்துத் தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றாள். மடத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன; இரண்டுக்கும் பதில் போடவில்லை. எழுபத்தாறாம் வயதில், கமுதியில், தான் கட்டிய வீட்டில் இறந்தாள்.