ஐம்பத்தேழு ஆப்புகள்

ஓடை ஒன்று குறுக்கே ஓடும் காட்டில், விலங்குகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு கொட்டில் இருந்தது. கயிறு, கோடரி, ஓடையைத் தாண்ட ஒரு பலகை, ஓட்டை விழுந்த ஒரு மூடி. இருந்த பொருள்கள் அவ்வளவுதான். காவல் காத்த ஆமை லேசில் எதையும் உள்ளே விடாது.

ஒருநாள் மயில் வந்தது.

"தோகை வாரும் சீப்பு இது. கொட்டிலில் மாட்டுங்கள்."

"முடியாது" என்றது ஆமை. "அந்த ஓட்டை மூடியைப் பார். என் தாத்தா காலத்தில் வந்தது. எதற்கென்று யாருக்கும் தெரியாது. எறியலாம் என்றால், யாராவது அதை நம்பியிருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. உள்ளே வந்தது வெளியே போகாது."

மயில் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றது. ஆனாலும் ஆமை சொன்னதில் நியாயம் இருந்தது.

அடுத்து முயல் வந்தது. பலகை நழுவாமல் இருக்க, அதன் முனைக்கு அடியில் செருகும் மர ஆப்பு ஒன்றை நீட்டியது.

ஆமைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனூண்டு ஆப்புக்கா ஓர் இடம்? நான்கு கடி கடித்தால் ஆகிற வேலை. அவரவர் செய்துகொள்ளட்டும்."

"நானும் அப்படித்தான் செய்தேன். பலகை நழுவி என் குட்டி ஓடையில் விழுந்தது. இன்னும் நொண்டுகிறது."

"நீ சரியாகக் கடித்திருக்க மாட்டாய்."

"உண்மைதான். ஆனால் நான் மட்டுமா?"

மறுநாள் விடிந்ததும் முயல் ஓடைக்கரை முழுக்க அலைந்தது. விலங்குகள் ஓடையைத் தாண்டிவிட்டு எறிந்த ஆப்புகளையெல்லாம் பொறுக்கி வந்து ஆமையின் முன் கொட்டியது. மொத்தம் ஐம்பத்தேழு.

"ஒவ்வொன்றாகப் பலகைக்கு அடியில் வையுங்கள். காட்டுப்பன்றி ஏறி மிதிக்கட்டும்."

வைத்துப் பார்த்தார்கள். இருபத்தொன்று நழுவின. நழுவியவற்றில் ஒன்று மிகவும் சின்னது. அதில் பல்தடமே இல்லை, அலகுத் தடம்தான் இருந்தது.

"இது யாருடையது?" என்று பன்றி கேட்டது.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. உள்ளிருந்தே சொன்னது: "என்னுடையது. எனக்குத்தான் பல் கிடையாதே, அலகுதானே."

வெட்கத்தோடு வெளியே வந்து, நழுவாத ஆப்புகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக் கொட்டிலில் மாட்டியது.

"அப்படியானால் என் சீப்பு?" என்று மயில் ஓடி வந்தது.

"கரையில் இன்னொரு சீப்பு கிடந்தால் கொண்டு வா, மாட்டுகிறேன்."

மயில் கரையெல்லாம் தேடியது. அதன் இறகுகளே இரண்டு கிடைத்தன.

அன்று மாலையே மழை கொட்டி ஓடை பெருகியது. எல்லோரும் அக்கரை மேட்டுக்கு ஓடினார்கள். முயல்குட்டி நொண்டி நொண்டிக் கடைசியாக, கொட்டில் ஆப்பு செருகிய பலகையில் ஏறியது. முயல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆமையும்தான்.

பலகை அசையவில்லை.

நீதி: பொதுவில் வைக்க ஒரு பொருளின் அளவைப் பார்க்காதே, எத்தனை பேர் அதைத் தனித்தனியே செய்து தவறுகிறார்கள் என்று பார்.