பாறையைத் தொடாத வண்டி

வற்றிய குளத்தில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: தவளைகள் நாற்பத்தெட்டு, நண்டுகள் பன்னிரண்டு, ஆமை ஒன்று. ஆக அறுபத்தொன்று. நண்டுகளில் ஒன்று சினையாக இருந்தது. அதன் வயிற்று மடிப்பில் இருந்த முட்டைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

குளத்தில் மிஞ்சியது சேறு மட்டுமே. ஆறு அப்பால் ஓடியது. நடுவில் நீண்ட கரும்பாறை. வெயிலில் அது தோசைக்கல்லாகக் காய்ந்தது. வறண்ட உடம்போடு அதில் இறங்கினால் பாதி வழியில் சாவுதான்.

பாறை ஓரத்தில் காந்தக் கற்கள் கிடந்தன. ஆமை அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது.

"இந்தக் கல்லுக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு. முகத்தோடு முகம் வைத்தால் தள்ளும். முகத்தோடு முதுகு வைத்தால் இழுக்கும்!" என்றது.

ஈரச் சேற்றை உடம்பில் அப்பிக்கொண்டு, முறை வைத்து எல்லோரும் சேர்ந்து உழைத்தார்கள். அறுபத்தொரு பேரும் கடந்து போக அந்தச் சேறு போதாது. பாறை நெடுகக் கற்களை முகம் மேலே பார்க்கப் பதித்தார்கள். அகலமான மரப்பட்டை ஒன்றின் அடியில் கற்களை முகம் கீழே பார்க்கக் கட்டினார்கள். பட்டையைப் பாதைமேல் வைத்ததும் அது ஒரு நெல் உயரம் எழும்பி நின்றது. சரிந்து விழாதபடி இரு ஓரங்களிலும் கற்கள் காத்தன.

"மிதக்கிறது! மிதக்கிறது!" என்று தவளைகள் குதித்தன.

"மிதந்தால் ஆயிற்றா? நகர வேண்டாமா, ஆமையண்ணே?" என்றது சினை நண்டு.

"அதற்குத்தான் நீங்கள் வேண்டும்," என்றது ஆமை. "வண்டியின் விலாவில் கற்கள் முகம் வெளியே பார்க்க இருக்கின்றன. வழியோரம் பன்னிரண்டு இடத்தில் ஆளுக்கொரு கல்லோடு நில்லுங்கள். வண்டி வரும்போது கல்லின் முதுகைக் காட்டினால் இழுக்கும். தாண்டியதும் முகத்தைத் திருப்பினால் தள்ளும். வண்டி பாறையில் உரசுவதில்லை. அதனால் சின்ன இழுப்பே போதும்."

கல்லைத் திருப்ப உறுதியான கொடுக்கு வேண்டும். அது நண்டுகளிடம்தான் இருந்தது.

"அப்படியானால் நாங்கள் எப்போது ஏறுவது?" என்று சினை நண்டு கேட்டது.

பெரிய தவளை முன்னால் வந்தது. "என்ன அக்கா, இப்படிக் கேட்டுவிட்டாய்! ஆற்றில் நன்றாக முங்கிவிட்டு இருபத்து நாலு பேர் இதே வண்டியில் திரும்பி வருவோம். கல்லுக்கு இரண்டு பேர் சேர்ந்தால் திருப்பிவிடலாம். நீங்கள் ஏறிப் போங்கள். நனைந்த உடம்பைப் பாறை சுடாது, நாங்கள் குதித்தே வந்து சேர்ந்துவிடுவோம். என் பேச்சை நம்பமாட்டாயா?"

நண்டு நம்பியது.

வழியோரப் பாறையில் இருந்த பன்னிரண்டு குழிகளில், ஆளுக்கொரு கல்லோடு பன்னிரண்டு நண்டுகள் இறங்கின. குழிக்கு ஒரு பிடி ஈரச் சேறு. சினை நண்டுக்குக் கிடைத்தது குளத்தை ஒட்டிய முதல் குழி. முதல் நடையில் இருபத்து நான்கு தவளைகள் போயின. தவளைக்குக் கண் உச்சந்தலையில். அவை வானத்தைப் பார்த்துக்கொண்டே போயின.

"ஆகா! காற்றில் போகிறோம்!"

ஏழாவது குழி நண்டு வெயிலில் கண் செருகி, கல்லைத் திருப்பத் தாமதித்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது.

"யாரது குலுக்குவது? கொஞ்சம் சுகமாகப் போக விடமாட்டீர்களா?" என்று மேலே இருந்து அதட்டல் வந்தது.

வண்டியை நண்டுகள் திரும்ப இழுத்தன. இரண்டாம் நடையில் மீதித் தவளைகளும் ஆமையும் போயின. குழிகளில் சேறு வெடிக்கத் தொடங்கியது. சினை நண்டு ஆற்றுப் பக்கமே பார்த்திருந்தது.

வண்டி திரும்பி வந்தது. அதில் தவளைகள் இல்லை. ஆமை மட்டும் இருந்தது.

"எங்கே அண்ணே அவர்கள்?"

ஆமை தலையைத் தூக்கவில்லை. "கெஞ்சிப் பார்த்தேன், தாயி. 'வண்டி தானாகத்தானே வந்தது, அதற்கு ஆள் எதற்கு? ஏறி உட்காரச் சொல், தானாக வரும்' என்கிறார்கள். பாதி பேர் அதை உண்மையாகவே நம்புகிறார்கள். மீதி பேருக்கு அப்படி நம்புவதுதான் வசதி."

"இப்போது?"

"உன் கல்லை நான் திருப்புகிறேன். என் ஒருவனால் ஓர் ஆளைத்தான் விடுவிக்க முடியும். நீ ஏறு."

நண்டு மற்ற குழிகளைப் பார்த்தது. அடுத்த குழியில் இருந்த நண்டு கத்தியது: "ஏறுடி! வயிற்றில் இருப்பதுகளை நினை! எங்கள் சேறு காய்வதற்குள் ஏறு!"

அது ஏறியது. ஆமை கல்லைத் தள்ளிப் புரட்டியது. வண்டி நகர்ந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு கொடுக்கு எழுந்தது, கல் திரும்பியது, கொடுக்கு விழுந்தது. நண்டுக்குக் கண் காம்பின் நுனியில். அது எல்லோரையும் பார்த்துக்கொண்டே போயிற்று. கடைசிக் குழியில் கொடுக்கு மிக மெதுவாக எழுந்தது.

ஆற்றங்கரையில் தவளைகள் ஆரவாரம் செய்தன.

"பார்த்தாயா அக்கா! தானாகவே வந்துவிட்டது!"

"பாவிகளா! கல்லுக்கு இரண்டு பேர் வாருங்கள்! அங்கே இன்னும் உயிர் இருக்கிறது! வாக்குக் கொடுத்தவன் எங்கே?" என்று நண்டு அலறியது.

பெரிய தவளை தண்ணீருக்குள் இருந்து வாயை மட்டும் நீட்டியது. "வண்டிதான் இருக்கிறதே, அக்கா. வேண்டியவர்கள் ஏறி வரட்டும்!" என்று சொல்லி மூழ்கிவிட்டது. மற்றவையும் ஒவ்வொன்றாக மூழ்கின.

நண்டு தனியாக வண்டியைத் திருப்பித் தள்ளியது. அது சிறிது தூரம் ஓடி நின்றது. இழுக்க அங்கே ஒரு கொடுக்கும் எழவில்லை. பாறையைத் தொடாமல், ஒரு நெல் உயரத்தில், வண்டி அழகாக மிதந்துகொண்டிருந்தது.

தரையில் கால் படாமல் சுகமாகப் போகிறவர்கள், தங்களை இழுத்தவர்களையும் தள்ளியவர்களையும் மறக்கக் கூடாது. அப்படி மறந்ததால் அன்று பாறையில் மிச்சமானவர்கள் நண்டு பதினொன்று, ஆமை ஒன்று, ஆகப் பன்னிரண்டு.